வலம் வருபவர்களுக்கு மட்டும்

வைஃபை என்றால் பாஸ்வேர்ட், பாஸ்வேர்ட் என்றால் வைஃபை என்று நம்பிக்கொண்டிருந்த பதினோரு பேருக்கு முன்னால் நின்று, நடந்துகொண்டே இருக்கும் மனிதரின் போனில் இணையம் அறுபடாமல் இருப்பது எப்படி என்று நான் விளக்கிய பிற்பகல் ஒன்று உண்டு. பதினோரு பேரில் நான்கு பேர் போண்டா தின்றார்கள். இரண்டு பேர் தூங்கினார்கள். மற்றவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். தூங்கியவர்களே தேவலை என்று இருந்தது.

கிரிவலப் பாதை முழுக்கத் தனியாக ஒரு வயர்லெஸ் நெட்வொர்க் போட வேண்டும் என்று கிளம்பிய ஏற்பாட்டுக் குழு அது. பெயர் எதற்கு? பௌர்ணமிதோறும் அன்னதானம், குடிநீர், முதலுதவி என்று நல்ல காரியம் செய்தவர்கள்தான். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம் சேரும். ஆனால் நல்ல காரியம் செய்கிறவர்களுக்கு எல்லாமே தெரிந்திருக்கும் என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

நான் கீழ்பென்னாத்தூர்க்காரி. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுப் பிழைத்த குடும்பம். பெங்களூரில் ஒரு கம்பெனியில் பதினைந்து வருடம் நெட்வொர்க் வடிவமைத்துவிட்டு, அங்கே இருந்த மேலாளர்களின் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் ஊருக்குத் திரும்பியிருந்தேன். திருவண்ணாமலையில் லாட்ஜ்களுக்கும் ஒரு கல்லூரிக்கும் வைஃபை போட்டுக்கொடுத்துக் காலம் ஓடியது. லாட்ஜ் முதலாளிகள் தனி ரகம். ரிசப்ஷனில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வைஃபை பெட்டியை வைத்துவிட்டு, நான்காவது மாடிக்கு ஏன் சிக்னல் வரவில்லை என்று என்னைக் கேட்பார்கள். இடையில் இருக்கும் மூன்று கான்கிரீட் தளங்களும் அவர்கள் கண்ணில் படவே படாது. அவர்களோடு மல்லுக்கட்டிக் களைத்திருந்த சமயத்தில்தான் இந்த வேலை வந்தது. எனக்கு ஆசை பொங்கியது என்பதை மறைக்க மாட்டேன்.

காரணம், இதற்கு உண்மையான தேவை இருந்தது. பௌர்ணமியன்று ஊரில் இருக்கும் மொபைல் டவர் எல்லாம் மூச்சுத் திணறும். நாலு அடி தள்ளி நிற்கிறவருக்கு போன் போட்டாலும் போகாது. பாதையில் யாராவது மயங்கி விழுந்தால், முதலுதவிக்காரர்கள் டாக்டரைப் பிடிப்பதற்குள் விடிந்துவிடும். கூட்டத்தின் போன்களோடு முட்டி மோதாத ஒரு தனி வழி இருந்தால், விழுந்தவரின் இதயத் துடிப்பை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் அந்த நிமிஷமே திரையில் பார்க்கலாம். எனக்கு இது போதும். மற்றதெல்லாம் எனக்கு இரைச்சல்தான்.

வேலை கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். பாதையோரக் கம்பங்களில் வரிசையாகப் பெட்டிகள் தொங்கும். நடக்கிறவர் ஒரு பெட்டியின் எல்லையைத் தாண்டும்போது அடுத்த பெட்டி அவரை ஏந்திக்கொள்ள வேண்டும். அவசரக்காரருக்கு மற்றவர்கள் வழிவிட வேண்டும். கண்டவர்களும் உள்ளே புகுந்து அவசரக்காரரின் இடத்தில் உட்கார்ந்துவிடாமல், வருகிறவர் யார் என்று ஒவ்வொரு பெட்டியும் சரிபார்க்கவும் வேண்டும். தனித்தனியாகச் செய்யச் சொன்னால் ஒரு மாணவன் செய்துவிடுவான். சேர்த்துச் செய்யும்போதுதான் ஒன்றின் காலை ஒன்று வாரிவிடும். ஆளைச் சரிபார்க்க நேரமாகும். அந்த நேரத்துக்குள் ஆள் அடுத்த கம்பத்துக்குப் போய்விடுவார். அங்கே மறுபடி முதலிலிருந்து விசாரணை. இதற்கு ஒரே வழி, ஆள் போய்ச் சேருவதற்கு முன்பே அவருடைய அனுமதிச் சாவியை அடுத்த பெட்டிக்கு அனுப்பி வைத்துவிடுவது. "இன்னார் வருகிறார், நான் பார்த்துவிட்டேன், நீ விசாரிக்காமல் உள்ளே விடு" என்று ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குச் சொல்லிவிடும்.

இதைத்தான் அந்தப் பதினோரு பேருக்கும் சொன்னேன். முடித்ததும் தலைவர் தொண்டையைக் கனைத்தார். ஊரில் இரண்டு ஜவுளிக்கடை வைத்திருப்பவர், வெள்ளைச் சட்டைக்குக் கசங்கல் என்றால் என்னவென்றே தெரியாது.

"எல்லாம் சரிங்க மேடம். நம்ம லைவ் கட் ஆவாம வருமா? நான் நடக்கறப்போ கூடவே கேமரா வரும். ஜாஸ்தி பேர் பாக்கறாங்க."

அதற்குப் பிறகு ஒரு தாளை நீட்டினார். யாருக்கு முதல் இடம், யாருக்கு அடுத்த இடம் என்று குழுவே கூடி முடிவு செய்த வரிசை. முதலில் தலைவரின் நேரலை. இரண்டாவது குழு உறுப்பினர்கள். மூன்றாவது உறுப்பினர்களின் விருந்தினர்கள். அடுத்தது மேலே பறந்து படம் எடுக்கும் ட்ரோன். ஐந்தாவதாக, குடிநீர் லாரியோடு சேர்த்து, முதலுதவி. கோயிலில் தர்ம தரிசன வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு இந்தத் தாளில் ஒரு குறையும் தெரிந்திருக்காது.

"ஏங்க, நெஞ்சு வலிக்காரரு ட்ரோனுக்குப் பின்னாடியா நிக்கணும்?" என்று கேட்டேன்.

"எல்லாமே எமர்ஜென்சிதாங்க மேடம்," என்றார் தலைவர். போண்டா தின்ற நால்வரும் அதை ஆமோதித்தார்கள்.

நான் வாதாடவில்லை. அவர்கள் தாளை அழகாக டைப் அடித்து, தலைவரின் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிக் கொடுத்தேன். இயந்திரத்துக்குள்ளே வரிசையையே மாற்றிப் போட்டேன். முதலுதவிக்கு முதல் இடம். ட்ரோனுக்குக் கடைசி இடம். தலைவரின் நேரலை, லாரிக்கும் ட்ரோனுக்கும் நடுவில் எங்கேயோ கிடந்தது. அன்றைக்கு எனக்கு ஏறிய தலைக்கனத்தைச் சொல்லி மாளாது. முட்டாள்கள் நிறைந்த அறையில் ஒரே அறிவாளி நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கிற ஆளை வேறு யாரிடம் பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெட்டிகளைக் கம்பங்களில் ஏற்றி, செயற்கையாக ஒரு நெரிசலை உண்டாக்கிப் பரிசோதித்தபோது தொல்லை ஆரம்பித்தது. பெட்டிகளுக்கு நினைவு கம்மி. ஒவ்வொரு ஆளின் சாவியையும் முன்னால் இருக்கும் பெட்டிக்கும் பின்னால் இருக்கும் பெட்டிக்கும் அனுப்பி அனுப்பி அவை களைத்துப் போய்ச் செயலற்று நின்றன. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அக்னி லிங்கத்துக்கு எதிரே ஒரு கரும்புச்சாறு வண்டியருகில் நின்றிருந்தேன். பௌர்ணமி இல்லாத நாளிலும் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் மலை வலக்கைப் பக்கம். ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. யார்தான் வருவார்கள்?

கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். இங்கே எல்லோரும் ஒரே திசையில் போகிறவர்கள். உலகத்தில் வேறு எந்த ஊரில் நெட்வொர்க் போடுகிறவருக்கு இந்த வசதி கிடைக்கும்? சாவியை முன்னால் இருக்கும் பெட்டிக்கு மட்டும் அனுப்பினால் போதும். பின்னால் அனுப்புவது வீண். வேலை பாதியாகக் குறையும். அன்று மாலையே மாற்றி எழுதினேன். பெட்டிகள் சுகமாக ஓடின. பெங்களூரில் இருக்கும் பழைய சகாக்களிடம் வீடியோ காலில் சொன்னபோது கைதட்டினார்கள். எங்கள் ஊர்க்காரிக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை என்று நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான் என்று பிறகு தெரிந்தது.

சோதித்துப் பார்க்க நானே நடந்தேன். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கையில் இரண்டு போன்களோடு, மலையை வலப்பக்கம் வைத்து, பதினான்கு கிலோமீட்டர். ஒரு தடவைகூட அறுபடவில்லை. இரண்டாவது சரிபார்ப்புக்கு வெளியாள் ஒருவர் வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருந்ததால், வடநாட்டிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். ஐம்பது வயதிருக்கும். தலையில் தொப்பி, காலில் கனமான ஷூ, தோளில் அளவெடுக்கும் கருவி. குழுவின் வேன் டிரைவர் அவரை ஈசான்ய லிங்கத்துப் பக்கம், அதாவது பாதை முடியும் இடத்தில், இறக்கிவிட்டுப் போய்விட்டார். மனிதர் அங்கிருந்து தலைகீழாக நடக்க ஆரம்பித்துவிட்டார். அடி அண்ணாமலை வரைக்கும் போன பிறகுதான் எனக்கு போன் வந்தது.

"மேடம், எல்லா கம்பத்துலயும் கட் ஆகுது," என்றார் அவருக்குத் தெரிந்த தமிழில்.

எந்தப் பக்கமாக நடந்தார் என்று விசாரித்ததும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "இந்த ஊர்ல எதிர்ல யாராவது போவாங்களா? திரும்பப் போயி, நேர் வழியில நடந்து எடுத்துட்டு வாங்க."

அவர் கோபப்படவில்லை. மறுநாள் நேர் வழியில் நடந்தார். எல்லாம் சரி என்று எழுதினார். ஆனால் முதல் நாள் அளவுகளையும் ஒரு தனித் தாளில் எழுதி, எதிர்த் திசையில் ஒவ்வொரு கம்பத்திலும் தொடர்பு அறுபடுகிறது என்று கீழே ஒரு வரி சேர்த்திருந்தார். ஊர் வழக்கம் தெரியாத மனிதர், ஷூ காலோடு வேறு நடந்திருக்கிறார் என்று முணுமுணுத்தபடி அந்தத் தாளை உருவி மேஜை டிராயருக்குள் போட்டேன். குழுவுக்குப் போன அறிக்கையில் அது இல்லை.

முதலுதவிக் குழுவில் ஒரு நர்ஸ் இருந்தார். அடி அண்ணாமலைக்காரர், நாற்பது வயது. டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. பௌர்ணமிதோறும் அந்த ஊர்ப் பள்ளிக்கு முன்னால் போடும் முகாமில் டூட்டி. நோயாளியைப் படுக்க வைக்கப் பக்கத்தில் ஒரு தட்டு இணைத்த பைக்கில், ஓட்டுகிறவருக்குப் பின்னால் உட்கார்ந்து, கூட்டத்துக்குள்ளே புகுந்து போய் ஆளை எடுத்து வருவார். அவரிடம் டேப்லெட்டைக் கொடுத்து, ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குச் சொல்வது மாதிரி பட்டன் பட்டனாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அதைவிடச் சிக்கலான மெஷின்களை அவர் தினமும் ஓட்டுகிறார் என்பது பிறகு தெரிந்தது.

"இத அழுத்தினா டாக்டர் வருவாரு, சரி. வரலன்னா?" என்று கேட்டார்.

"வருவாரு சிஸ்டர். உங்களுக்குத்தான் மொத எடம் குடுத்திருக்கேன்," என்றேன். வரிசையை நான் மாற்றி வைத்த ரகசியத்தை அவரிடம் மட்டும் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

நெட்வொர்க் வந்த கையோடு குழு ஒரு விதியும் போட்டிருந்தது. அதற்கு முன்பு, துடிப்பு இன்ன அளவுக்கு இறங்கினால் இன்ன ஊசி என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் ஒன்று நர்ஸ்களிடம் இருக்கும். பார்த்துப் போட்டுவிடுவார்கள். இப்போதுதான் டாக்டரே திரையில் தெரிகிறாரே! அதனால் அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே ஊசி. தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். என் நெட்வொர்க்கின் மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்கு அதிலும் பெருமைதான். அந்த பைக் எந்த வழியாகப் போகும், எந்த வழியாகத் திரும்பும் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் பௌர்ணமி வந்தது. பிற்பகலிலேயே கூட்டம் நெருக்கியடித்தது. கட்டுப்பாட்டு அறை என்று ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடியில் அறை எடுத்திருந்தோம். திரையில் எல்லாக் கம்பங்களும் பச்சை. தலைவரின் கேமராவுக்குக்கூட இடம் மிச்சம் இருந்தது. வெயில் சாயத் தொடங்கிய நேரம், நேரலையில் முகம் காட்டி முடித்து, கேமராவை மட்டும் பாதையில் ஓடவிட்டுவிட்டு, தலைவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, தன் விருந்தினர்களுக்கு என்னைக் காட்டி, "நம்ம ஊர்ப் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வருண லிங்கத்தைத் தாண்டி ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போளூர்ப் பக்கத்து மனிதர், மனைவியோடு வந்தவர். நர்ஸ் பைக்கில் போய்ச் சேர்ந்தார். மார்பில் பட்டைகளை ஒட்டினார். நின்ற இடத்தில் டேப்லெட் டாக்டரைப் பிடித்துவிட்டது. உடனே செங்கம் சாலை முனையில் நிற்கும் ஆம்புலன்ஸுக்குக் கொண்டு வாருங்கள், வழி முழுக்க நான் துடிப்பைப் பார்த்துக்கொண்டே வருகிறேன் என்றார் டாக்டர். பைக் கிளம்பியது.

செங்கம் சாலை முனை அவர்களுக்குப் பின்னால் இருந்தது.

என் திரையில் நர்ஸின் டேப்லெட் மஞ்சளாக மாறியது. "அனுமதிக்குக் காத்திருக்கிறது" என்றது. பிறகு ஒரு நொடி மறைந்து, அடுத்த கம்பத்தில் மறுபடி மஞ்சள். கம்ப எண்கள் நாற்பத்தொன்று, நாற்பது, முப்பத்தொன்பது என்று இறங்கிக்கொண்டிருந்தன. அந்த எண்களை நானே கொடுத்தவள். அவை ஏறித்தான் எனக்குப் பழக்கம். கம்பங்களில் நம்பர் ஒட்டிய ஆள் மாற்றி ஒட்டித் தொலைத்திருக்கிறான் என்று அவனைத் திட்டினேன். வாய்விட்டே திட்டினேன். அப்படித் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இன்னும் இரண்டு கம்பங்கள் போயின.

அப்போதுதான் உறைத்தது. பைக் எதிர்த் திசையில் போனதால், அந்த டேப்லெட் போகிற வழியில் இருந்த எந்தப் பெட்டிக்கும் அதன் சாவி போயிருக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியும் அதை முன்பின் பார்த்திராத அந்நியராக நிறுத்தி, தலைமை இயந்திரத்திடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றது. பதில் வருவதற்குள் பைக் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டது. முதல் இடம் கொடுத்திருந்தேனே, அது உள்ளே வந்த பிறகுதான். முன் வரிசையில் நாற்காலியைப் போட்டு வைத்துவிட்டு வாசலை உள்பக்கமாகத் தாழ் போட்டிருந்தேன்.

உடனே மாற்றி எழுத ஆரம்பித்தேன். எழுதினால் பெட்டிகளை ஒரு தடவை நிறுத்தி எழுப்ப வேண்டும். "லைவ் போயிடுமே மேடம்!" என்று தலைவர் பதறினார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. ஆனால் நான் பட்டனை அழுத்துவதற்குள் பைக் முனையை அடைந்துவிட்டது. என் கோபத்தால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

அந்த மனிதர் பிழைத்தார். ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் போன உயிர் திரும்ப வந்தது. அதோடு ஒரு கோழைத்தனமும் வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பிழையைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். நெட்வொர்க் நன்றாக ஓடியது என்று அறிக்கை கொடுத்தேன். அது பொய்கூட இல்லை. உள்ளே சேர்ந்தவர்களின் தொடர்பு அறுந்தால்தான் என் இயந்திரம் அதைக் கணக்கில் எடுக்கும். உள்ளேயே விடப்படாதவர்களைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. அப்படி வடிவமைத்ததும் நான்தான். பாராட்டுக் கூட்டத்தில் சால்வை போட்டார்கள். போர்த்திக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன்.

நாலு நாள் கழித்து நர்ஸ் போன் செய்தார்.

"மேடம், அந்த நேரத்துல நெட்டு நல்லா இருந்துச்சுன்னு நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்களாமே?"

என்ன என்று கேட்டேன். டாக்டர் சொல்லாமல் ஊசி போட்டதற்கு விளக்கம் கேட்டுக் குழு அவருக்கு மெமோ கொடுத்திருந்தது. நகல் அவருடைய ஆஸ்பத்திரிக்கும் போயிருந்தது. பதில் திருப்தியாக இல்லையென்றால் வேலைக்கு வர வேண்டாம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். மெமோவோடு என் அறிக்கையை இணைத்திருந்தார்கள்.

"துடிப்பு எறங்கிக்கினே போச்சு மேடம். அவரு சம்சாரம் கூடவே ஓடியாறாங்க. டாக்டர் டாக்டர்னு கத்திப் பாத்தேன். நாலு கம்பம் பொறுத்தேன். அஞ்சாவது கம்பத்துல வண்டிய நிறுத்தாமயே போட்டுட்டேன். இல்லன்னா ஆள் போயிருப்பாரு."

கேட்கக் கூடாத நேரத்தில் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். "ஏன் சிஸ்டர் எதிர்ல போனீங்க?"

"வேற எப்படிப் போறது? ஆம்புலன்ஸு அங்கதான நிக்குது? அதுவும் இல்லாம நாங்க எப்பவுமே எதிர்லதான் போவோம். பின்னாடி வந்து ஹாரன் அடிச்சா ஒருத்தரும் ஒதுங்க மாட்டாங்க. எதிர்ல வந்தா மூஞ்சியப் பாத்துட்டு வழி வுடுவாங்க. இத்தினி வருசமா அப்டித்தான். யாராச்சும் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

போனை வைத்த பிறகு டிராயரைத் திறந்து வடநாட்டுக்காரரின் தாளை எடுத்தேன். இந்த ஊரில் பிறந்திருந்தால் அவரும் எதிர்த் திசையில் நடந்திருக்க மாட்டார், அந்த உண்மையும் வெளியே வந்திருக்காது. அவருடைய ஷூவைப் பார்த்து முகம் சுளித்த நான், அவர் எழுதிய கடைசி வரியை ஒழுங்காகப் படிக்கவில்லை. என் மேல் எனக்கு வந்த வெறுப்பு கொஞ்சமல்ல.

மறுநாள் குழுவைக் கூட்டச் சொன்னேன். அதே அறை, அதே பதினோரு பேர். போண்டாவுக்குப் பதில் அன்றைக்கு வடை. தப்பு என்னுடையது, நர்ஸ் அனுமதி கேட்டார், என் பெட்டிகள்தான் அவரை உள்ளே விடவில்லை, இதோ சாட்சி என்று தாளை மேஜையில் வைத்தேன். ஒரு சாதாரண ஆளுக்கும் புரியும்படி மூன்று தடவை விளக்கினேன். தலைவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். முகம் தெளிந்தது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்போ தப்பு அந்தம்மா மேலதான் இருக்குது," என்றார். "இந்த ஊர்ல எதிர்ல யாராவது போவாங்களா?"

வடை தின்றவர்கள் தலையாட்டினார்கள். என் வாயில் வந்த அதே வார்த்தை, ஓர் எழுத்துகூட மாறாமல். நான் தலைவரை இளக்காரமாகப் பார்த்ததெல்லாம் எங்கே போய் நின்றது பார்த்தீர்களா? அவருக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம், எனக்கு நெட்வொர்க் போடத் தெரியும் என்பது மட்டும்தான்.

சால்வையை மடித்து அவர் மேஜையில் வைத்தேன். பிழை முழுக்க வடிவமைப்பில்தான் என்று கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் குழுவுக்கும் நர்ஸின் ஆஸ்பத்திரிக்கும் டாக்டருக்கும் அனுப்பினேன். டாக்டர் நல்ல மனிதர். அந்த ஊசி போடாமல் இருந்திருந்தால் நோயாளி முனைக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டார் என்று அவரும் எழுதிக் கொடுத்தார். பிறகு உட்கார்ந்து நெட்வொர்க்கைத் திருத்தினேன். இரண்டு பக்கமும் சாவி அனுப்புவதற்கு இடம் போதாது என்றுதானே அந்த அதிபுத்திசாலி யோசனை? விருந்தினர்கள் என்ற வகுப்பையே கழற்றி எறிந்தேன். ட்ரோனையும் எறிந்தேன். இடம் தாராளமாகக் கிடைத்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம். வகுப்புகளின் வரிசையை மாற்றத் தைரியம் இருந்த எனக்கு, வகுப்பை நீக்கத் தோன்றவில்லை. நாற்காலிகளை இடம் மாற்றி வைத்ததையே புரட்சி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த பௌர்ணமிக்கு முந்தின நாள் காலை, திருத்திய டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். முகாமுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் மருந்துப் பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பைக்கின் பக்கத் தட்டில் நானே உட்கார்ந்து, செங்கம் சாலை முனை வரைக்கும் எதிர்த் திசையில் போய்ப் பார்த்தோம். ஒரு கம்பத்திலும் அறுபடவில்லை. திரும்பி வந்து இறங்கியதும், நன்றி என்று ஏதாவது சொல்வார் என்று என் அல்ப மனது எதிர்பார்த்தது.

"மெமோவ வாபஸ் வாங்கிக்கினாங்க மேடம்," என்றார்.

"நல்லதாப் போச்சு சிஸ்டர்."

"ஆனா எழுதி வாங்கிக்கினாங்க. இனிமே டாக்டர் ஸ்கிரீன்ல சொல்லாம ஊசியத் தொட மாட்டேன்னு."

"கையெழுத்து போட்டுட்டீங்களா?"

"ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க. போடாம?"

"அப்போ நடுவுல கட் ஆச்சுன்னா?"

"கட் ஆச்சுன்னா நான் கையக் கட்டிக்கினு அந்தாளப் பாத்துக்கினே வரணும். அப்டித்தான் எழுதியிருக்குது."

டேப்லெட்டை என் கையிலிருந்து வாங்கி, சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துப் பைக்குள் வைத்தார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"கட் ஆவாதில்ல?"

இத்தனை வருடத்தில் நான் போட்ட எந்த நெட்வொர்க்கும் ஒரு தடவையாவது அறுந்திருக்கிறது. அறுபடாத ஒன்றை உலகத்தில் யாரும் இன்னும் போட்டதில்லை.

"ஆவாது சிஸ்டர்," என்றேன்.